சின்ன உருக்குத் துண்டுக்குத் தோய்ச்சல்: கொழும்பில் வீட்டு முற்றத்தில் செய்ய ஒரு முழு வழிகாட்டி

பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியின் பூட்டை, அதாவது பொறி தட்டிச் சுடவைக்கிற பகுதியை, கழற்றினால் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு இரும்புதான் இருக்கும், ஆனால் அதற்குள் மூன்று விதமான பதம் இருக்கும். கல் வந்து மோதுகிற தகட்டில் அரமே ஏறக்கூடாது. பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல்லின் விளிம்பு தகட்டிலிருந்து சீவி எடுக்கிற மிகச் சின்ன உருக்குத் துகள் காற்றில் பற்றி எரிவதுதான் பொறி, தகடு மிருதுவாக இருந்தால் கல் அதைக் கீறிக்கொண்டு போகுமே தவிர துகள் சூடாகிப் பற்றாது. வில் வளைந்து அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். உள்ளே இருக்கிற கொக்கியும் பல்லும் தேயவும் கூடாது, உடையவும் கூடாது. ஆக, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவது பாதி வேலைதான், ஏற்றிய கடினத்தில் எவ்வளவை இறக்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் மற்றப் பாதி இருக்கிறது. பெரும்பாலான துண்டுகள் கெட்டுப்போவது இந்த இரண்டாவது பாதியில்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துப்பாக்கி என்றால் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பழசு, பாட்டன் வைத்திருந்தது என்ற கதையெல்லாம் அங்கே எடுபடாது, அனுமதி இல்லாமல் துப்பாக்கிப் பாகத்தில் கை வைக்க வேண்டாம். இங்கே நான் எடுப்பது அதே வேலையைக் கேட்கிற வேறு மூன்று சாமான்கள்: கோடு கீறும் ஊசி, தட்டை வில், கல்லில் தட்டிப் பொறி எடுக்கிற சக்கிமுக்கி இரும்பு. முறை ஒன்றுதான்.

எந்த உருக்கு

கடினமாவது கரியால், அதாவது உருக்குக்குள் கலந்திருக்கிற காபனால். 0.25 சதவீதத்துக்குக் குறைவான கரி உள்ள சாதாரண இரும்புக் கம்பியை எத்தனை தரம் காய்ச்சித் தோய்த்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. நமக்கு 0.6இலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் வரை வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் இருக்கிற இரும்புக் கடைகளில் சில்வர் ஸ்டீல் கம்பி கேட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 1 சதவீதம் கரி, வழவழவென்று அரைத்து வந்திருக்கும், பெயரில்தான் வெள்ளி. ஓ-1 என்கிற எண்ணெய்த் தோய்ச்சல் உருக்கு கிடைத்தால் இன்னும் நல்லது, அது கொஞ்சம் தாமதத்தையும் பொறுக்கும்.

காசு செலவழிக்க மனமில்லாதவருக்குப் பஞ்சிகாவத்தையின் பழைய வாகனப் பாகக் கடைகள் இருக்கின்றன. லொறியின் பட்டை வில்லில் 0.6 சதவீதம் அளவில் கரி இருக்கும், கூடவே கொஞ்சம் குரோமியமும், சின்ன வில்லுக்கு அருமையான சரக்கு. ஆனால் பத்து வருடம் குழி விழுந்த ரோட்டில் ஓடிய வில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், ஆகவே முனைப்பக்கத்திலிருந்து வெட்டுங்கள், நடுவிலிருந்து வேண்டாம். பழைய அரம் சக்கிமுக்கி இரும்புக்கு மிக நல்லது, 1.2 சதவீதம் வரை கரி இருக்கும். மலிவான அரம் சிலவற்றில் மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே சாதா இரும்பு. அரைத்துப் பார்த்தால் தெரியும்: கிரைண்டரில் வைத்தவுடன் பொறி கிளை கிளையாக வெடித்தால் கரி அதிகம், நீளமாக நேர்கோட்டில் போய் அணைந்தால் சாதா இரும்பு, மங்கிய சிவப்பாகச் சோம்பலாக விழுந்தால் ட்ரில் பிட் வகை உருக்கு. கடைசி வகையை விட்டுவிடுங்கள், அதைத் தோய்க்க 1200 பாகை செல்சியஸ் அளவுக்குப் போக வேண்டும், நம் வாயு டோர்ச்சுக்கு எட்டாது. நாகம் (துத்தநாகம்) பூசிய எதையும் நெருப்பில் காட்ட வேண்டாம், அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்கப் போடும்.

அரத்தையோ பட்டை வில்லையோ எடுத்தால் முதலில் மிருதுவாக்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டவே முடியாது. காந்தம் பிடிக்காத சிவப்புக்குக் காய்ச்சி, ஒரு வாளி காய்ந்த விறகுச் சாம்பலுக்குள் அல்லது உமிச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க விடுங்கள். சாம்பல் ஈரமாக இருந்தால் எல்லாம் வீண், கொழும்பில் மழை மாதங்களில் சாம்பல் தானாகவே ஈரம் இழுத்துவிடும், முதலில் அதை ஒரு சட்டியில் போட்டு வறுத்துக்கொள்ளுங்கள்.

வடிவம் கொடுக்கும்போது

வெட்டு, துளை, மரை எல்லாம் இப்போதே முடித்துவிட வேண்டும், பிறகு முடியாது. கூரான உள்மூலை எங்கேயும் வைக்காதீர்கள். வெடிப்பு எப்போதும் அங்கேயிருந்துதான் தொடங்கும், ஒரு சின்ன வட்ட அரத்தால் மூலையை உருட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். அரத்தில் செய்கிற சாமானாக இருந்தால் பற்களை அடிவரை அரைத்து எடுங்கள், ஒவ்வொரு பல்லின் அடியும் ஒரு வெடிப்புக்கு வாசல். வில்லுக்கு இன்னும் கறார்: அரத்தின் கீறல் வில்லின் நீளவாக்கில் இருக்க வேண்டும், குறுக்காக ஒரு கீறல் கிடந்தாலும் வில் அந்த இடத்தில்தான் உடையும், எமரி பேப்பரால் நீளவாக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் நெருப்புக்குப் போக வேண்டும். மற்றச் சாமான்களில் 0.2 மில்லிமீட்டர் போல மிச்சம் விட்டு வையுங்கள், நெருப்பில் மேல்தோலின் கரி கொஞ்சம் எரிந்துபோகும், அந்தத் தோலைப் பிறகு தேய்த்து எடுக்கலாம்.

மரையைக் காப்பாற்றப் பழைய வழி ஒன்று இருக்கிறது, உடுப்புக் கழுவுகிற சவர்க்காரத்தை மரைக்குள் அழுத்தித் தேய்த்து நிரப்பிவிடுவது. நகை வேலை தெரிந்தவர்கள் வெண்காரத்தைக் குழைத்துப் பூசுவார்கள், செட்டியார் தெருவில் பட்டறைச் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் வெண்காரம் இருக்கும். இரண்டுமே காற்றைத் தடுத்துச் செதிலைக் குறைக்கும்.

அடுப்பு

இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஊசிக்குச் சின்ன பியூட்டேன் டோர்ச் போதும். விரல் தடிப்புச் சாமானுக்கு ஏசி மெக்கானிக் வைத்திருக்கிறாரே, அந்த மாதிரி டோர்ச் வேண்டும். டோர்ச்சை வெறும் வெளியில் பிடித்துக்கொண்டிருந்தால் சூடு முழுக்கக் காற்றோடு போய்விடும், ஆகவே இலேசான ஃபயர் பிரிக் இரண்டு வாங்கி, ஒன்றில் குழி தோண்டி, மற்றதை மேலே வைத்து ஒரு சின்னக் குகை செய்யுங்கள், அதற்குள் சுடரை விட்டால் அதே டோர்ச் இரண்டு மடங்கு வேலை செய்யும். சாதாச் செங்கல் வெடிக்கும். கொங்கிரீட்டுக்கு மேல் வைத்துக் காய்ச்சவே கூடாது, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகித் துண்டு துண்டாகத் தெறிக்கும், கண்ணாடி போடாதவருக்குக் கண் போகும்.

இந்த வேலையைத் தொடர்மாடி பல்கனியில் செய்ய வேண்டாம். வெள்ளவத்தைப் பக்கம் கடல்காற்று அடிக்கிற நேரத்தில் எண்ணெய்ப் புகை நேராக மேல்மாடிக் கொடியில் காய்கிற உடுப்பில் போய்ப் படியும், சண்டைக்கு அதுவே போதும், எண்ணெய் பற்றினால் நிலைமை அதைவிட மோசம். மண் முற்றம் உள்ள வீடு, அல்லது தெரிந்தவரின் கராஜ். காற்று அடித்தால் சுடர் அலையும், சூடும் ஒரே சீராக ஏறாது, ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். (இதே பருவக்காற்றை வைத்து, சமனலவெவப் பகுதியில் மேற்குப் பார்த்த சரிவுகளில் உலை கட்டி, துருத்தி இல்லாமலே உருக்கு எடுத்திருக்கிறார்கள் நம் நாட்டில், ஆயிரம் வருடத்துக்கு முன்பு. நமக்கு அந்தக் காற்று இங்கே இடைஞ்சல்தான்.)

எவ்வளவு சூடு

வெயிலில் இந்த வேலையைச் செய்ய முடியாது. நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம், பகல் வெளிச்சத்தில் 800 பாகையில் இருப்பதும் மங்கலாகவே தெரியும், நீங்கள் இன்னும் காணாது என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள். அந்தி நேரம் சரி, அல்லது நிழலான மூலை.

உருக்கின் உள்ளமைப்பு மாறுவது 727 பாகையில். அதைத் தாண்டினால் காந்தம் பிடிக்காது. பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை ஒரு கம்பியில் தொங்கவிட்டு, துண்டை நெருப்பிலிருந்து எடுத்து ஒரு கணம் தொட்டுப் பார்த்து மீண்டும் நெருப்பில் வையுங்கள், ஒட்டவிட்டு வைத்திருந்தால் காந்தமும் கெடும், துண்டின் சூடும் இறங்கும். காந்தம் விட்டதும் தோய்க்கப் போகாதீர்கள், அங்கேயிருந்து இன்னும் ஒரு படி மேலே. சில்வர் ஸ்டீலுக்கு 770இலிருந்து 790 வரை, ஓ-1க்கு 800 சொச்சம்.

காந்தத்தைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு, ஒருமுறை பார்த்துப் பழகினால் பிறகு காந்தம் தேவைப்படாது. இருட்டில் துண்டை மெதுவாகக் காய்ச்சிக்கொண்டு போங்கள். சிவப்பு ஏறிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் சுடர் அப்படியே இருக்கும்போதே துண்டின் நிறம் தயங்கி நிற்கும், அதன் மேல் ஒரு கருநிழல் மெல்லிய முனையிலிருந்து தடித்த பக்கம் நகரும். உள்ளமைப்பு மாறுவதற்கு அந்த இடம் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நிழல் முழுக்கப் போய், துண்டு ஒரே சீரான சிவப்பாகத் தெளிந்ததும் அதே நிறத்தில் சின்னத் துண்டைச் சில விநாடி, ஓ-1 என்றால் இன்னும் கொஞ்ச நேரம், பிடித்து வைத்திருங்கள். செம்மஞ்சள் வரை போய்விட்டால் 900 தாண்டிவிட்டது. உடனே தோய்க்க வேண்டாம், காற்றில் கறுப்பாகும்வரை ஆறவிட்டு மறுபடி சரியான சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

அதிகச் சூடு காட்டிய உருக்கைத் தோய்த்து உடைத்துப் பார்த்தால், உடைந்த முகத்தில் சீனிக் கட்டியை உடைத்த மாதிரி மணிமணியாக மினுங்கும். சரியான சூட்டில் தோய்த்தது மினுங்காமல் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். புதிய கம்பி வாங்கியதும் ஒரு சின்னத் துண்டை வெட்டி, தோய்த்து, துணிக்குள் சுற்றி வைஸில் வைத்து உடைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். சாமான் செய்து முடித்த பிறகு தெரிந்துகொள்வதைவிட இது மலிவு.

தோய்ச்சல்

தண்ணீரா எண்ணெயா என்பதை உருக்குத்தான் தீர்மானிக்கும். ஓ-1க்கும் பட்டை வில்லுக்கும் எண்ணெய். சில்வர் ஸ்டீலுக்கும் அரத்துக்கும் முறைப்படி தண்ணீர், ஆனால் ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் இருக்கிற மெல்லிய துண்டென்றால் எண்ணெயே போதும், வெடிக்கிற பயமும் குறைவு. கரி மட்டும் உள்ள உருக்கு சிவப்பிலிருந்து 540 பாகைக்குக் கீழே ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் இறங்கியாக வேண்டும், அதனால்தான் தடித்த துண்டு எண்ணெயில் முழுசாகக் கடினமாவதில்லை. தண்ணீர் என்றால் பச்சைத் தண்ணீரைவிட உப்புக் கரைத்தது மேல், பத்து லீட்டருக்கு ஒரு கிலோ அளவில். சிவந்த இரும்பு போனதும் அதைச் சுற்றி ஆவி ஒரு போர்வையாக மூடிக்கொள்ளும், அந்தப் போர்வை உள்ள இடம் ஆறாது, பக்கத்து இடம் ஆறும், துண்டு கோணும். உப்பு அந்தப் போர்வையைக் கிழித்துவிடும்.

எண்ணெய்க்கு வெளிநாட்டில் கனோலா சொல்வார்கள். இங்கே தேங்காய் எண்ணெய் இருக்கும்போது அதைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் எண்ணம். 24, 25 பாகையில் உறைகிற எண்ணெய் அது, கொழும்பில் உறைய வாய்ப்பே குறைவு. தோய்க்க முன் 50, 60 பாகைக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள், சூடான எண்ணெய் இலகுவாக ஓடும், துண்டைச் சீக்கிரம் ஆற்றும். கழித்த எஞ்சின் ஒயில் சும்மா கிடைக்கிறது என்று அதில் தோய்க்கிறவர்கள் உண்டு, அந்தப் புகையில் என்னென்ன இருக்கிறது என்று நினைத்தால் யாரும் செய்ய மாட்டார்கள். பாத்திரம் இரும்போ தகரமோ, உயரமானது, ஈயப்பற்று வைத்ததாக இல்லாமல் அழுத்தி மடித்ததாக இருந்தால் நல்லது, பெரிய பால்மா பேணி சின்னச் சாமானுக்குச் சரியாக இருக்கும், முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். பொருந்துகிற மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். எண்ணெய் பற்றினால் மூடி போடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. வெளியே திறந்து வைத்த எண்ணெயில் மழைத்தண்ணீர் சேர்ந்திருந்தால் அது அடியில் தங்கியிருக்கும், சிவந்த இரும்பு அதைத் தொட்டால் கொதித்து வெளியே பாயும். காய்ச்ச முன் அடியைப் பாருங்கள்.

இனித் தோய்க்கிற கணம். குறட்டின் நுனியையும் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள், பச்சைக் குறடு பிடித்த இடம் கறுத்துப்போய் அங்கே கடினமே ஏறாது. சின்னச் சாமானுக்கு இரும்புக் கம்பி கட்டித் தூக்குவது இன்னும் நல்லது. அடுப்புக்கும் பேணிக்கும் ஒரு முழத் தூரத்துக்கு மேல் வேண்டாம், மெல்லிய துண்டு காற்றிலேயே ஆறிவிடும். நீளமானதை நிமிர்த்தி நேராக இறக்குங்கள், சாய்த்துப் போட்டால் முதலில் நனைந்த பக்கம் சுருங்கி வில்லாக வளையும். உள்ளே போனதும் மேலும் கீழும் ஆட்டுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். குறடு பிடித்த கைக்கு ஒரு அதிர்வு தெரியும், எண்ணெய் கொதிக்கிறது. அந்த அதிர்வு அடங்கும்வரை எடுக்காதீர்கள், பாதியில் வெளியே எடுத்தால் மேலே ஒட்டியிருக்கிற எண்ணெய் பற்றிக்கொள்ளும்.

ஓ-1இல் ஒரு வசதி உண்டு. 200 பாகைக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்வரை உள்ளே அது இன்னும் கடினமாகியிருக்காது. கோணியிருந்தால் அந்தச் சில விநாடிக்குள் தடித்த தோல் கையுறையோடு நிமிர்த்தலாம். அதற்குப் பிறகு நிமிர்த்தப் போனால் இரண்டு துண்டாக வரும்.

ஆறியதும் நல்ல அரத்தின் ஓரத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் ஏறிவிட்டது. முதல் ஒன்றிரண்டு இழுப்புக்குக் கடித்துப் பிறகு வழுக்கினால் மேல்தோலில் கரி எரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நன்றாகவே கடித்தால் சூடு போதவில்லை, அல்லது ஆறியது மெதுவாக, மறுபடி செய்யலாம்.

டெம்பர் இறக்குவது

இந்த நிலையில் துண்டு கையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்தாலே உடையலாம், விழாமலே வெடிக்கவும் செய்யும், ஏனென்றால் கடினமாகும்போது உருக்கு பருமனில் கொஞ்சம் கூடுகிறது, அந்த இழுபறி உள்ளேயே கிடக்கிறது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட வேண்டாம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் டெம்பருக்கு, அதாவது மெல்லச் சூடாக்கிக் கடினத்தைக் கொஞ்சம் இறக்குகிற வேலைக்கு, போங்கள்.

ஒரு பக்கத்தை எமரியால் வெள்ளையாகத் தேய்த்துவிட்டு மெல்லச் சூடாக்கினால் நிறங்கள் வரிசையாக வரும். 205 பாகைக்குப் பக்கத்தில் வெளிர் வைக்கோல் நிறம், 230இல் வைக்கோல், 255இல் கபிலம், 275, 280இல் ஊதா, 295, 300இல் நல்ல நீலம், அதற்கு மேல் வெளிறிக்கொண்டே போகும். கோடு கீறும் ஊசியை வெளிர் வைக்கோலில் நிறுத்துங்கள். துளைக் குறி போடுகிற பஞ்ச் என்றால் கபிலம் வரை. இரும்பு வெட்டுகிற உளிக்கும் திருகாணிச் சாவிக்கும் ஊதா. வில்லுக்கு நீலம் தாண்டி, 300க்கும் 370க்கும் இடையில். சக்கிமுக்கி இரும்புக்கு நிறமே வர விடக்கூடாது, 175இலிருந்து 200 வரை போதும், நீலம் வரை விட்டீர்களானால் எவ்வளவு தட்டினாலும் பொறி வராது.

சுடரை நேராக வேலைசெய்யும் முனையில் காட்டினால் வைக்கோலுக்கும் நீலத்துக்கும் இடையில் நீங்கள் மூச்சு விடக்கூட நேரம் இருக்காது. தடித்த பக்கத்தில் காட்டுங்கள், நிறம் தானாக முனையை நோக்கி நகரும், வேண்டிய நிறம் முனையைத் தொட்டதும் தண்ணீரில் வையுங்கள். இதனால் முனை கடினமாகவும் பிடி மிருதுவாகவும் அமையும், உளிக்கு அதுதான் வேண்டும். கம்மாலைக்காரர் இதையே ஒரே சூட்டில் முடிப்பார்: உளியை நாலு விரல் நீளத்துக்குச் சிவக்கவிட்டு, முனையை மட்டும் தோய்த்து, ஒரு கல்லால் விறுவிறுவென்று தேய்த்து வெள்ளையாக்கி, மேலே மிச்சமிருக்கிற சூடு கீழிறங்கி நிறம் வரும்வரை பார்த்திருந்து, மறுபடி முழுக்கத் தோய்ப்பார். பார்க்க இலேசு, கைக்கு வர நாள் எடுக்கும்.

துண்டு முழுக்க ஒரே பதம் வேண்டும் என்றால் மின் ஓவன்தான் சரி. 200 பாகைக்கு வைத்து ஒரு மணித்தியாலம், ஆறவிட்டு இன்னொரு மணித்தியாலம். ஓவனின் குமிழில் எழுதியிருக்கிற எண்ணை நம்ப வேண்டாம், தனியாக ஒரு வெப்பமானி உள்ளே வையுங்கள். அதிக நேரம் சூட்டில் இருந்தால் குறைந்த பாகையிலேயே நிறம் முற்றும், ஓவனில் வைத்த சாமானின் நிறத்தை மேலே சொன்ன வரிசையோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள். ஓவன் எட்டாத வில்லுக்கு ஒரு தகரத் தட்டில் மெல்லிய காய்ந்த மணலைப் பரப்பி, வில்லை மேலே வைத்து, கீழேயிருந்து சூடாக்குங்கள், மணலுக்குப் பதில் பித்தளைத் தூள் போட்டுத்தான் மணிக்கூடு திருத்துகிறவர்கள் திருகாணியை நீலமாக்குவது. வில்லை எண்ணெயில் முக்கிக் கொளுத்தி, எரிந்து தீர்ந்ததும் பதம் வந்துவிட்டது என்று எடுக்கிற பழைய முறையும் இருக்கிறது, பழைய பூட்டு வில்லுகள் பலவும் அப்படி வந்தவைதான், ஆனால் எண்ணெயின் வகையும் வில்லின் தடிப்பும் மாறினால் பதமும் மாறும். உருகிய ஈயத்தில் முக்குவதைப் பற்றி எங்காவது படித்தால் படித்ததோடு விட்டுவிடுங்கள்.

சாதா இரும்புதான் இருக்கிறது என்றால்

தோலை மட்டும் கடினமாக்கலாம். இதற்கு நம்மூரில் சிரட்டைக்கரி இருக்கிறது. கரியைக் கடலைப் பருப்பளவுக்கு உடைத்து, பத்தில் ஒரு பங்கு சோடியம் காபனேற்று கலந்து, ஒரு தடித்த இரும்புக் குழாய்த் துண்டுக்குள் சாமானைச் சுற்றி நிரப்பி, இரண்டு வாயையும் மூடிக் களிமண் பூசி, 900 பாகை அளவில் வையுங்கள். 4 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரி இறங்கும். டோர்ச்சால் இது நடக்காது, ஊதி வைத்த கரியடுப்பு வேண்டும், காபனோரொட்சைட்டு வரும் என்பதால் கட்டாயம் திறந்த வெளி. பிறகு வெளியே எடுத்து, 780 போலத் திரும்பக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, வெளிர் வைக்கோலுக்கு இறக்குங்கள். உள்ளே மிருது, வெளியே கடினம். பழைய துப்பாக்கிப் பூட்டின் பாகங்கள் பலவற்றை எலும்புக்கரியும் தோல்கரியும் வைத்து இப்படித்தான் செய்தார்கள். சயனைட்டு உப்பு வைத்துச் சீக்கிரம் முடிக்கிற முறை தொழிற்சாலைக்கு, வீட்டுக்கு இல்லை.

முடித்த பிறகு

உப்புத் தண்ணீரில் தோய்த்ததை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உடனே எண்ணெய் பூசுங்கள், கொழும்புக் காற்றுக்கு ஒரு இரவே போதும் துரு பிடிக்க. சக்கிமுக்கி இரும்பின் தட்டும் விளிம்பை மட்டும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, கூரான கல் விளிம்பால் மேலிருந்து கீழே சரிவாகத் தட்டிப் பாருங்கள். மஞ்சள் பொறி நின்று விழுந்தால் சரி. சிவப்பாக ஒன்றிரண்டு வந்து செத்தால் விளிம்பை இன்னும் கொஞ்சம் தேயுங்கள், கரி எரிந்த தோல் போகவில்லை. தேய்த்தும் வராவிட்டால் டெம்பரில் கடினம் அளவுக்கு மேல் இறங்கிவிட்டது, திரும்பத் தோய்க்க வேண்டியதுதான்.

எண்ணெயைத் துணியில் வடித்து மூடி வைத்தால் நெடுநாள் பாவிக்கலாம். பேணியின் மேல் பெரிய எழுத்தில் "சமையலுக்கு இல்லை" என்று எழுதிக் குசினிக்கு வெளியே வையுங்கள், தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு யாராவது அதில் வடை சுடப் பார்ப்பார்கள்.